தாயில்பட்டியில் ஊறிய சோளத்தட்டை

மார்கழி மாதம், செவ்வாய்க்கிழமை காலை. மதுரைப் பேருந்து என்னை விருதுநகரில் இறக்கிவிட்டபோது எனக்கு இரண்டு கோபங்கள் இருந்தன. ஒன்று, ஓட்டுநர் வழிநெடுக ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. இரண்டு, இந்த ஊரின் பேர்பெற்ற எண்ணெய்ப் புரோட்டா சாயங்காலம்தான் கிடைக்குமாம். இட்லியைத் தின்றுவிட்டு, பன்னிரண்டு ரூபாய்க்கு நல்ல தேநீரும் குடித்ததும் இரண்டாவது கோபம் மட்டும் கொஞ்சம் தணிந்தது.

நான் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் கரும்பு வைத்திருப்பவன். ஆண்டுக்கு ஒருமுறை எங்காவது போய் அடுத்தவர் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து எழுதுவது என் வழக்கம். மதுரையில் நடந்த ஒரு விவசாயக் கண்காட்சியில் சண்முகவடிவு என்ற பெண்மணியைச் சந்தித்தேன். கரிசல் காட்டில் சோளம் விதைத்து, கதிருக்காக அல்லாமல் தட்டைக்காகவே அதை அறுத்து, அந்தத் தட்டையிலிருந்து அடுப்பெரிக்கும் வாயு எடுப்பதாகச் சொன்னார். சாணத்தில் வாயு எடுப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அடுப்புக்கென்றே பயிர் வைப்பவரை நான் அதுவரை பார்த்ததில்லை. நம்பாத முகத்தோடு நின்றேன் போலிருக்கிறது. "நம்பலேன்னா வந்து பாருங்க அண்ணாச்சி" என்றார். வந்துவிட்டேன்.

விருதுநகரிலிருந்து சிவகாசி ஏறக்குறைய இருபத்தெட்டு கிலோமீட்டர். திருத்தங்கல் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் நிலம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. பொட்டல் நடுவே தனித்தனியாகச் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் தாராளமான இடைவெளி, இடையில் வேப்பமரங்கள். பக்கத்து இருக்கைக்காரர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர், மடியில் காலண்டர்க் கட்டோடு உட்கார்ந்திருந்தார். ஏன் இப்படி வீட்டைப் பிரித்துப் பிரித்துக் கட்டுகிறார்கள் என்று கேட்டேன்.

"அது பட்டாசு ரூமு. ஒரு ரூம்ல ஏதாச்சும் ஆனா அடுத்த ரூம் தப்பிக்கணும்ல? அம்புட்டுதேன்" என்றார். காலண்டரைப் பற்றிப் பேசும் அதே குரலில்தான் சொன்னார்.

சிவகாசியில் பேருந்து மாறி, வெம்பக்கோட்டைச் சாலையில் தாயில்பட்டிக்குப் போனேன். சண்முகவடிவு நிறுத்தத்திலேயே காத்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பருத்திச் சேலை, காலில் செருப்பில்லை. முதல் கேள்வி, "சாப்பிட்டீகளா?" இரண்டாவது கேள்வி, "இந்தச் சட்டை என்ன துணி?"

பாலியஸ்டர் கலந்தது என்றேன். அதைப் போட்டுக்கொண்டு உள்ளே வரக் கூடாது என்றார். வாசலில் ஒரு மரப்பெட்டி. கைப்பேசியை அதில் போட்டுவிட்டுச் செருப்பைக் கழற்ற வேண்டும். கம்பத்தில் ஒரு செம்புத் தகடு. அதை வெறுங்கையால் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உடம்பில் சேரும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடுமாம். பட்டாசு ஆலைகளில் உள்ள வழக்கம். இங்கே பட்டாசு இல்லை, ஆனால் வாயு இருக்கிறது, பொறி பட்டால் அதுவும் சும்மா இருக்காது. மாற்றுச் சட்டையாக எனக்குக் கிடைத்தது போர்மேன் மாடசாமியின் காக்கிச் சட்டை. என் தொப்பையை அது மதிக்கவே இல்லை; கீழிரண்டு பொத்தான்களைத் திறந்துவிட்டுத்தான் அன்று முழுவதும் திரிந்தேன்.

மாடசாமிக்கு அறுபதை நெருங்கும் வயது. பட்டாசு ஆலைகளிலேயே தலை நரைத்தவர். "எங்க போர்மேன் அண்ணாச்சி. இவுக இல்லேன்னா இங்கன ஒண்ணும் நடக்காது" என்று சண்முகவடிவு அறிமுகப்படுத்தினார். அவர் வணக்கம் சொன்னாரே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏதோ மனத்தாங்கல் என்று தோன்றியது.

நிலம் பதினோரு ஏக்கர். ஆளுயரத்துக்கு நெருக்கமாகச் சோளம் நிற்கிறது. பால் பிடிக்கும் முன்பே அறுத்து, எந்திரத்தில் விரல் நீளத்துக்கு நறுக்குகிறார்கள். சோளத்தட்டை லேசுப்பட்டதல்ல. உள்ளே இருக்கும் இனிப்பை நார் சுற்றிக் காவல் காக்கிறது. அப்படியே வாயு எடுக்கும் கலனுக்குள் தள்ளினால், வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு உள்ளே போக வழியில்லை. ஊறப்போடாத உளுந்தைக் கிரைண்டரில் போட்ட கதைதான். அதனால் முதலில் நாரை இளக்க வேண்டும். சில ஊர்களில் நீராவியில் வேகவைக்கிறார்கள். இங்கே அது நடக்காது. வயலுக்கு அப்பால் பட்டாசு ஆலை. இந்தப் பக்கம் கொதிகலன் புகைபோக்கி வைக்கிறேன் என்று வாயைத் திறந்தாலே ஊர் கூடிவிடும். ஆகவே நெருப்பில்லாத வழி: சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, நறுக்கிய தட்டையை அதில் அமுக்கி, மூடிவைக்க வேண்டும். சுண்ணாம்பு நாரின் பிடியைத் தளர்த்திவிடும். இதற்காக நான்கு சிமென்டுத் தொட்டிகள் கட்டியிருந்தார்கள். நான்கும் மூடியிருந்தன. காற்றுப் புகக் கூடாது என்பதால் இடையில் திறப்பதில்லை என்றார் சண்முகவடிவு.

எல்லாம் சரி. ஆனால் வாயு சேரும் பெரிய ரப்பர் பலூன், பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் படுத்த ஆள்போல ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

சாலையோரம் ஆலைத் தொழிலாளர்களுக்குச் சோறு போடும் மெஸ் ஒன்று இருக்கிறது. அங்கேதான் குழாய் வழியாக வாயு போகிறது. மதியச் சமையல் முடியும் வரை எரிந்தால்தான் வியாபாரம். இப்போதெல்லாம் சோறு வடிக்கும் முன்பே அடுப்பு அணைந்துவிடுகிறதாம். மெஸ்காரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பழையபடி சிலிண்டர் வாங்க ஆரம்பித்துவிட்டார்.

மதியச் சாப்பாட்டின்போது மிச்சக் கதையும் வந்தது. நிலம் சண்முகவடிவுக்கும் அவர் அண்ணன் செல்வராஜுக்கும் பொது. செல்வராஜ் சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிப்பவர். ஒரு பட்டாசுக் கம்பெனி இந்த இடத்தை நீண்ட குத்தகைக்குக் கேட்கிறது. தை பிறந்ததும் பதில் சொல்வதாக அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்குள் மெஸ் அடுப்பு ஒழுங்காக எரிய வேண்டும். இல்லையென்றால் சோளத்தை அழித்துவிட்டு அறைகள் கட்டிவிடுவார்கள்.

"நல்லா வந்ததே இல்லையாங்க அம்மிணி?" என்று கேட்டேன்.

"அதான் கூத்து. வரும் அண்ணாச்சி. தீவாளி லீவு முடிஞ்சு நல்லா வந்துச்சு. ஆடி கடைசி வெள்ளிக்கு மாடசாமி அண்ணாச்சி இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போனாக. அந்த வாரம் பலூனு முட்டிக்கிட்டு நின்னுச்சு. அவுக ஆத்தாட்ட நம்ம கேஸுக்குத்தேன் வேண்டிக்கிட்டுப் போனாக. எனக்கும் அவ குடுத்ததுன்னுதேன் தோணுது."

செல்வராஜுக்கு அப்படித் தோன்றவில்லை. மாடசாமி வேலைக்கு வந்தால் வாயு குறைகிறது, லீவு போட்டால் கூடுகிறது. அந்த ஆளின் கைராசி சரியில்லை, மொத்தமாக லீவு கொடுத்து அனுப்பு என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு மாடசாமியின் காதுக்கும் போய்விட்டது. அவர் ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வேலைக்கு வராமல் இருப்பதுதான் நீ செய்யும் நல்ல வேலை என்று ஒருவரைப் பார்த்துச் சொல்வதைவிடக் கேவலமான பேச்சு உண்டா?

புதன்கிழமை சாயங்காலம். சண்முகவடிவு வழக்கமாக நான்கு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். அன்று எனக்குத் துணையாக இருந்துவிட்டார். எனக்கு ஒரு வழக்கம் உண்டு: எந்த ஊருக்குப் போனாலும் ஒருவரிடம், காலை முதல் மாலை வரை என்ன செய்கிறீர்கள் என்று விடாமல் கேட்பேன். பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். மாடசாமி ஓடவில்லை. காக்கிச் சட்டையைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்ததில் கொஞ்சம் இளகியிருந்தார்.

விடியலில் வந்துவிடுவாராம். நறுக்கிய தட்டையை ஒரே தொட்டியில் போடமாட்டார். நான்காகப் பிரித்து நான்கிலும் போடுவார்.

"மொத்தத்தையும் ஒரே எடத்துல வைக்கக் கூடாதுல்ல? அது பளக்கம்" என்றார். பேருந்தில் அச்சகக்காரர் சொன்னதும் இதுவேதான். நான் தலையாட்டினேன்.

"சாயங்காலம்?"

"சாயங்காலம் நாலையும் தொறந்து, இருக்கிறதையெல்லாம் கலனுக்கு அனுப்பிச்சிருவேன். தொட்டிய ஒரு பொட்டு இல்லாமக் களுவி, மூடிய வச்சுட்டுத்தேன் வீட்டுக்குப் போவேன். கலந்தத மறுநாளைக்கு வச்சா நமக்கு எப்பிடி ஒறக்கம் வரும்?"

சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. நான் சண்முகவடிவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கையிலிருந்த தேநீர்த் தம்ளரைத் திண்டின்மேல் வைத்தார்.

"அண்ணாச்சி, தெனமுமா?"

"தெனமுந்தேன் தாயி. ஒரு நா விட்டதில்ல."

மூன்று நாள் ஊற வேண்டிய தட்டை! நாளுக்கு ஒரு தொட்டி நிரப்பி, நான்காம் நாள் முதல் தொட்டியைத் திறக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் சண்முகவடிவு நான்கு கட்டியிருக்கிறார். ஊறவிட்டு அனுப்புங்கள் என்று சொன்னாரே தவிர, எத்தனை நாள் என்பதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. காலையில் அவர் வரும்போது நான்கும் நிரம்பி மூடியிருக்கும். ஊறுகிறது என்று நினைத்துக்கொள்வார். சாயங்காலம் நார் இளகாத தட்டையும், வேலை முடிக்காத சுண்ணாம்பும் கலனுக்குள் போய் நுண்ணுயிர்களைப் பாடாய்ப் படுத்தியிருக்கின்றன. மாடசாமி லீவில் போகும்போது சண்முகவடிவே தொட்டி நிரப்புவார், மூன்று நாள் கழித்துத் திறப்பார். வாயு பொங்கும். இதுதான் ஆத்தாளின் அருள், இதுதான் கைராசியும்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சண்முகவடிவு சிரிக்கவில்லை, அதனால் நானும் அடக்கிக்கொண்டேன். அவர் மெதுவாக, யார் மேலும் குற்றம் வராதபடி விஷயத்தைச் சொன்னார். தான் விளக்கமாகச் சொல்லாததுதான் தப்பு என்றார். மாடசாமி கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில், "நீங்க சொல்லுதது வெளங்குது தாயி. ஆனா என்னால முடியாது" என்றார்.

பிறகு அவரே காரணமும் சொன்னார். பட்டாசுக்குக் கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிச்சம் வைத்தால், அதில் துளி ஈரம் பட்டால் போதும், ராத்திரியோடு ராத்திரியாகத் தானே சூடேறும். காலையில் ஒருவன் விவரம் தெரியாமல் போய்க் கை வைப்பான். "அப்பிடி ஒரு ரூம்ல எங்க அக்கா மவன் போயிட்டான்" என்றார்.

"இது வெறும் சுண்ணாம்புதாங்க" என்றேன் நான், சும்மா இருக்க மாட்டாமல்.

"சுண்ணாம்பு கொதிக்கிறத நான் பாத்திருக்கேன்ல அய்யா" என்றார் அவர். கல் சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதிக்கத்தான் செய்கிறது. அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்.

சண்முகவடிவு கட்டளை போடவில்லை. நான் முதலாளியாக இருந்தால் போட்டிருப்பேன், காரியமும் கெட்டிருக்கும். அவர் இரண்டு வாளிகளை எடுத்துவந்தார். முந்தின நாளே நீற்றி ஆறவைத்த சுண்ணாம்பைக் கரைத்து, தட்டையை அமுக்கி, தட்டால் மூடினார். "கைய வச்சுப் பாருங்க அண்ணாச்சி" என்றார். மாடசாமி புறங்கையை வாளியின்மேல் வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. வாளிகளை அவர் கண்ணெதிரே, மற்ற எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி, வெட்டவெளியில் வைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

வியாழக்கிழமை காலை நாங்கள் வந்தபோது அவர் வாளிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். புறங்கை வாளியில் இருந்தது. "சுடல" என்றார். எழுந்துபோய் முதல் தொட்டியை நிரப்பி மூடினார். அன்று சாயங்காலம் அதைத் திறக்கவில்லை. போகும்போது தொட்டிச் சுவரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் தொட்டார்.

நான் பார்க்க வேண்டிய ஊர்கள் இன்னும் இருந்தன. வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போய், டாக்டர் கூடாது என்று சொன்ன அளவுக்குப் பால்கோவா தின்றேன். அங்கிருந்து ராஜபாளையம், தென்காசி, குற்றாலம். அருவியில் தண்ணீர் மெலிந்திருந்தது. குரங்குகள் மட்டும் குறையவில்லை, என் பையிலிருந்த சாத்தூர்க் காராச்சேவைப் பிடுங்கிக்கொண்டன. மனம் என்னவோ தாயில்பட்டித் தொட்டிகளிலேயே இருந்தது. அருவிக்கு முன்னால் நின்றுகொண்டு சோளத்தட்டையை நினைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மார்கழி முடியும் நேரத்தில் மறுபடியும் தாயில்பட்டிக்கு வந்தேன். இந்த முறை பருத்திச் சட்டை. செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே நுழைந்தால், பலூன் நிமிர்ந்து நிற்கிறது. இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். மெஸ்ஸில் மதியச் சோறு, குழம்பு, கூட்டு எல்லாம் முடிந்தும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. "இப்ப அணைக்கிறதுக்குத்தேன் யோசனை பண்ணுதேன்" என்றார் மெஸ்காரம்மா. நீல நிறத்தில், சத்தமில்லாத தீ. சண்முகவடிவு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வந்ததிலிருந்து அவர் முழுதாகச் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் முறை.

அன்று செல்வராஜும் வந்தார். வெள்ளை வேட்டி, அச்சு மை வாடை. மெஸ் அடுப்பைப் பார்த்தார், பலூனைச் சுற்றிவந்து பார்த்தார். லேசில் நம்புகிற மனிதராகத் தெரியவில்லை. நேராகத் தொட்டிகளிடம் போனார்.

"என்ன மாடசாமி, இதுக்குள்ளதேன் எல்லாம் இருக்குதாக்கும்? இதத் தொற, பாப்பம்" என்று மூன்றாவது தொட்டியைக் காட்டினார்.

மாடசாமி அசையவில்லை. "அது நேத்து மூடுனது மொதலாளி. தொறக்கக் கூடாது."

"ஒரு நிமிசம் பாத்துட்டு மூடிருவோம்லே."

"முடியாது மொதலாளி. உள்ள காத்துப் போயிரும். நாளைக்களிச்சு வாங்க." சொல்லிவிட்டுத் தொட்டிக்கும் செல்வராஜுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

நிலத்தில் பாதிக்குச் சொந்தக்காரர், இன்னும் சில நாளில் இந்த இடத்தின் தலையெழுத்தை எழுதப்போகிறவர், அவர் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறாரே இந்த மனிதர். சண்முகவடிவு சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

செல்வராஜ் மாடசாமியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிறந்து வளர்ந்தது பட்டாசு ஊரில். அறை வாசலில் நின்று முதலாளியையே உள்ளே விடாத போர்மேன் எப்படி இருப்பார், அப்படிப்பட்ட ஆள் இருக்கும் ஆலையில்தான் எல்லோரும் முழுசாக வீடு திரும்புவார்கள் என்பதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாசலுக்குப் போனார். பெட்டியிலிருந்து கைப்பேசியை எடுத்துக்கொண்டு, வேலிக்கு வெளியே நின்று பேசினார். எங்களுக்குக் கேட்டது.

"ஆமா, தாயில்பட்டி எடந்தேன். தோதுப்படாது, வேற பக்கம் பாத்துக்கோங்க. இல்ல, ரேட்டுக்காக இல்ல. இங்கன தொளில் நடக்குது."

கைப்பேசியைத் திரும்பப் பெட்டியில் போட்டுவிட்டு, தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தார். மாடசாமியிடம் போனார்.

"நாளைக்களிச்சு எத்தன மணிக்குத் தொறப்பீக?"

"காலையில வாங்க மொதலாளி" என்றார் மாடசாமி.

சாயங்காலம் விருதுநகரில் ஒருவழியாக எண்ணெய்ப் புரோட்டா சாப்பிட்டுவிட்டு மதுரைப் பேருந்தில் ஏறினேன். எங்கள் ஊரில் கரும்பு வெட்டி முடித்த கையோடு, வயலில் மிஞ்சும் காய்ந்த தோகையை, எங்கள் பேச்சில் சோகையை, கொளுத்துவோம். புகை எழும்பினால்தான் வேலை முடிந்த நிம்மதி. மாடசாமிக்கும் சாயங்காலம் தொட்டியைக் கழுவி வைப்பதில் அப்படி ஒரு நிம்மதி இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு சாவும் இருந்தது. அதையே அவர் ஒரு வாளியைத் தொட்டுப் பார்த்து விட்டுக்கொடுத்தார் என்றால், என் பழக்கத்துக்குப் பின்னால் சோம்பேறித்தனத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது? இந்த வெட்டுக்குச் சோகையைக் கொளுத்தப் போவதில்லை என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். வீட்டம்மா, "சேருகிற சோகையை எங்கே வைப்பதாக உத்தேசம்?" என்று கேட்டார். நான்கு தொட்டி கட்ட வேண்டும் என்றேன்.